கமலாவின் டின்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, இரவு.

தூக்கம் வரவில்லை. கோபம்தான் வருகிறது.

வருடா வருடம் தீபாவளிக்கு முன் எங்கள் மஹய்யாவ வீட்டில் எல்லோரும் கூடுவோம். அவரவர் செய்த பலகாரத்தை டின்னில் கொண்டுவந்து மாற்றிக்கொள்வோம். என் கணவர் இறந்து ஏழு மாதம்தான் ஆகிறது. ஆனாலும் இந்த வருடமும் கூப்பிட்டேன்.

பிலிமத்தலாவையிலிருந்து வந்த நாத்தனார் கமலா, தன் முறுக்கு டின்னை மேசையில் வைத்ததுமே என் பிஸ்கட் தட்டைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே போயி வருசம் திரும்பல. இந்த வீட்ல பலகாரம் செய்யலாமா அண்ணி? நாங்க குடுக்குறத வாங்கிக்கிட்டு சும்மா இருங்க."

"இந்த வீட்ல எண்ணெச் சட்டியே வைக்கல கமலா. இது பக்கத்து வீட்டு ஓவன்ல சுட்டது."

"எல்லாம் ஒண்ணுதான்."

"சும்மா வாங்கித் திங்க என்னால முடியாது."

பக்கத்து வீட்டு பரீனா எழுந்து, "எனக்கு ரெண்டு கூட வைங்க அக்கா" என்று தன் டின்னை நீட்டினாள். பிறகு மற்றவர்களும் நீட்டினார்கள். கமலா தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல், டின்னையும் விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவளுடைய முறுக்கைத் தின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். மீதியை எடுத்துவைத்துவிட்டு, அதே டின்னில் விளிம்புவரை பிஸ்கட் அடுக்கியிருக்கிறேன். காலையில் பிலிமத்தலாவைக்கு பஸ் ஏறுவேன். கதவைத் திறக்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டு வருவேன்.

டின் அவளுடையது. உள்ளே எடுத்துப்போய்த்தானே ஆக வேண்டும்.