மேடையில் கன்னியம்மா கேட்டது

1956, ஆடி மாதம், சனிக்கிழமை இரவு

படுத்தும் தூக்கம் வரவில்லை. சிரிப்புத்தான் வருகிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சேமிப்புப் பழக்கம் கற்றுக்கொடுத்ததற்காக, எங்கள் கடலோர ஊரின் கூட்டுறவு நாணயச் சங்கத்துக்கு இன்று செங்கல்பட்டில் கேடயம் கொடுத்தார்கள். காரியதரிசி என்ற முறையில் நான்தான் வாங்கினேன். எங்களோடு வந்திருந்த, எட்டாம் வகுப்பு முடித்த கன்னியம்மாவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார் அதிகாரி. நான் எழுதிக் கொடுத்ததை அவள் மனப்பாடம் செய்திருந்தாள். பேசியது வேறு.

"சிப்பி வித்த காசு சார். சங்கத்துல போட சொல்லோ யாரும் ஒண்ணும் கேக்கல. ஐஸ்கூல் பீசுக்கு எடுக்கப் போனா நைனா கையெழுத்து வேணுமாம். நைனா அதுல வலை வாங்கணும்னு சொல்லிகினு கீது. எங்கம்மா கையெழுத்து ஆவாதா?"

பந்தலே சிரித்தது. அவளைத் திருப்பி அனுப்பியவன் நான்தான். கேடயத்தால் முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. அதிகாரி அவள் பேச்சிலேயே என்னைக் கேட்டார்.

"இன்னா காரியதரிசி, ஆவுமா ஆவாதா?"

"ஆவும் சார்" என்று சொல்லிவிட்டேன். கமிட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் சங்கத் தலைவர் என்னை விட்டுத் தள்ளி முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். நாளைக்கு என்ன சொல்வாரோ.

இறங்கும்போது கன்னியம்மா கேட்டாள்: "எங்கம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராதே சார்?"

"கைநாட்டு போதும்."

"அப்ப திங்கக்கெழம கூட்டிகினு வரேன்."

சங்கத்து மைப்பெட்டி காய்ந்து கிடக்கிறது. நாளை ஞாயிறு, கடை திறந்திருக்காது. கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்தால் ஒரு கட்டைவிரலுக்குக் காணும்.