நோட்டில் இல்லாத பேர்

சேந்தமங்கலம்
12.6.1978

ஊட்டுக்காரருக்கு ஸ்தோத்திரமுங்க.

சர்ச் சன்னலைக் கல்லால அடிச்சு உடைச்ச பொன்னனைத் தேடி நீங்க கொல்லிமலை ஏறிப் பத்து நாளாச்சு. ஒரு ஆத்துமா தவறினாலும் ஆண்டவர் பொறுக்கமாட்டார்னு சொல்லிட்டுப் போனீங்க. சரிங்க.

நீங்க யார் யாருக்காக ஜெபிக்கறீங்களோ அவங்க பேரெல்லாம் எழுதின நோட்டைத் தினமும் காலையில நாந்தான் வாசிக்கறேன். மொத்தம் அறுபத்திரண்டு பேரு. பொன்னன் இருக்கான். நம்மளைக் கண்டாலே காறித் துப்பற பக்கத்து ஊட்டு ராமாயி இருக்குது. பால் பொங்கி வழியறதுகூடத் தெரியாம மூணு தடவை புரட்டிப் பார்த்துட்டேன்.

வர்ற திங்கக்கிழமை என் வயித்துக் கட்டியை ஆப்பரேசன் பண்ணி எடுத்தாகணும்னு டாக்டரம்மா சொல்லுச்சு. பயமெல்லாம் ஒண்ணுமில்லைங்க.

கடைசிப் பக்கத்துல என் பேரை நானே எழுதிக்கிட்டேன். அதை வாசிக்க மட்டும் எனக்கு வாய் வரலீங்க. நீங்க வந்து வாசிங்க.

இப்படிக்கு,
அறுபத்திமூணாவது ஆத்துமா