இல்லாத அத்தையின் வீடு

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, கீழ்வீட்டுத் தையல்காரர் எழுதுவது.

நான் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் தொடர்கதையை வாராவாரம் தையல்காரர் வாசிக்கிறார். அவர் சம்சாரம் மிஷினை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறார். ஆனால் உன் கதாநாயகி எனக்குப் பிடிபடவில்லை அம்மா. அந்த வாத்தியார் எவ்வளவு தங்கமானவர். அவர் பேச வந்தாலே இவள் எழுந்து போகிறாள். ஏன் என்று நீ சொல்லவில்லை. சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்தே கிழவனானவன் நான். எந்தக் காதல் படத்துக்குச் சனம் இடைவேளையோடு வீட்டுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரியாவிட்டால் பயம்கூட பிகுவாகத்தான் தெரியும். தையல்காரர் சம்சாரம் அப்படியே சொல்லிவிட்டார்.

அப்புறம், அவள் போய் ஒளிந்துகொள்ளும் அத்தை வீடு. ஏது அத்தை? நான் கூடப்பிறந்தவர் இல்லாத ஒண்டி. உன் வாயால் அத்தை என்று கூப்பிட ஒரு ஆள் கிடையாது. இருந்தாலும் வாசிக்கக் கேட்டபோது, எனக்கும் ஒரு தங்கச்சி இருந்திருக்கலாமே என்று ஆசை வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன் போன மாதமும் வந்தான். நீ எங்கே என்று கேட்டான். தெரியாது என்றேன். பொய்யில்லை. உன் விலாசம் எனக்கே தெரியாமல் பத்திரிகை ஆபீஸ் வழியாக எழுதிக்கொள்வதுதான் நல்லது. அவன் சத்தம் போடவில்லை. என்றைக்குப் போட்டான்?

உன் அப்பா
(கைநாட்டு)


மார்ச் 19

என் அப்பாவுக்கு,

பத்திரிகை ஆசிரியரம்மாவும் நீங்கள் சொன்னதையேதான் சொன்னார். முன்கதையை முதல் வாரத்திலேயே கொட்டியிருந்தால் அது புகார் மனு மாதிரி இருந்திருக்கும் அப்பா. படிப்பவருக்கு முதலில் அவள்மேல் பிரியம் வரட்டும் என்று காத்திருந்தேன். இந்த வாரம் ஒரு துளி வைத்திருக்கிறேன்.

வாத்தியார் கதவைத் தட்டுகிறார். திறந்தவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, வெளிக் கைப்பிடியைப் பார்க்கிறாள். அவள் கணவன் வேலைக்குக் கிளம்பும்போது பூட்டமாட்டான். வெளியே போகாதே என்றும் சொல்லமாட்டான். கைப்பிடிக்கும் கதவு நிலைச்சட்டத்தில் இருக்கும் ஆணிக்கும் நடுவே ஒரு கறுப்பு நூலைக் கட்டிவிட்டுப் போவான். திரும்பி வந்ததும் முதலில் நூலைத்தான் பார்ப்பான்.

இதை உங்களிடம்கூட நான் சொன்னதில்லை. தையல்காரர் வாசிக்கும்போது கேட்டுவிட்டு மனசை உடைத்துக்கொள்ளாதீர்கள். கற்பனையாக வேறு எதையோ எழுதிப் பார்த்தேன், உயிரே இல்லை. ஒரே ஒரு நிஜத்தை வைத்ததும் சுற்றியிருக்கிற பொய்யெல்லாம் நிஜமாகிவிட்டது. அந்த அத்தையின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு வாசகர் கடிதம் வருகிறது!

அனுப்பிய பிறகுதான் என் வீட்டுக்காரர் நினைப்பு வந்தது. அவர் கதை படிக்கிற ஆள் இல்லை. புனைபெயரும் அவருக்குத் தெரியாது. இல்லையா அப்பா?

உங்கள் மகள்


ஏப்ரல் 8

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, உன் வீட்டுக்காரர் எழுதுவது.

மாப்பிள்ளை வந்திருக்கிறார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் விட்டுப்போன பத்திரிகையைப் புரட்டினாராம். நூல் கட்டுகிற இடத்தை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். "இதை அவளைத் தவிர யாரால மாமா எழுத முடியும்" என்று பெருமையாகச் சொன்னார். கோபமே இல்லை. இங்கேயேதான் தங்கியிருக்கிறார். சமையலும் அவர்தான். என்னை மாடியை விட்டு இறங்க விடுவதில்லை, முழங்காலுக்கு நல்லதாம். தையல்காரரை இனிமேல் சிரமப்படுத்த வேண்டாம் என்று கீழே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் மேலே வருவதில்லை.

அத்தை வீடு எங்கே என்று கேட்கிறார். நூல் நிஜம் என்றால் அத்தையும் நிஜம்தானே என்கிறார். அவரிடம் எதை மறைக்க முடியும்? ஆமாம், என் தங்கச்சிதான், உன் அம்மாவோடு சண்டை போட்டு, பேச்சை முறித்து, உன் கல்யாணத்துக்குக்கூட வராதவள் என்று சொல்லிவிட்டேன். வழிதான் ஞாபகம் வரவில்லை. வயசாகிறது, எல்லாம் மறந்து போகிறது. நீ எழுதினால் உதவியாக இருக்கும்.

உன் அப்பா
(கைநாட்டு)

மாமா சொன்னதில் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கதை நன்றாகப் போகிறது. அந்த வாத்தியார் யார்?


ஏப்ரல் 17

என் அப்பாவுக்கு,

வாத்தியார் வெறும் கற்பனை. அத்தை நிஜம்தான். மறைத்துப் பயனில்லை, அவரோடுதான் இருக்கிறேன். நலமாக இருக்கிறார். தன் பாட்டை அம்மா கேலி செய்து சிரித்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. நீங்கள் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் நின்றதைத்தான் அதைவிட அதிகமாகச் சொல்லிக் குறைப்படுகிறார்.

ரயிலில் கடைசிவரை வந்து, அங்கிருந்து மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, பஸ் திரும்புகிற இடத்தில் இறங்கவேண்டும். அதற்குமேல் நடைதான். உங்கள் மாப்பிள்ளை வரட்டும். பேசிக்கொள்கிறோம். தனியாகவே வரட்டும். நீங்கள் வரவேண்டாம் அப்பா. அந்த ஏற்றம் உங்கள் முழங்காலுக்கு ஆகாது. அவர் கிளம்பியதும் தையல்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள். வரவேண்டாம்.

உங்கள் மகள்


ஏப்ரல் 25

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, மாப்பிள்ளை எழுதுவது.

உன் கடிதத்தை மாப்பிள்ளை வாசித்தார். மடித்து வைத்தவர், பிரித்து இன்னொரு தரம் வாசித்தார். "இத்தனை நாள் ஒளிஞ்சிருந்தவ, கேட்ட உடனே சொல்லிட்டாளே மாமா" என்றார். நியாயமான சந்தேகம்தான். நானும் கூட வருகிறேன், அங்கே அவள் இல்லையென்றால் என்னைக் கேளுங்கள் என்றேன். அதற்கப்புறம்தான் சாப்பிட்டார்.

நீ கோபப்படாதே. நான் இங்கே உட்கார்ந்துகொண்டு அவரை மட்டும் அனுப்பினால், அவர் பாதி வழியிலேயே திரும்பிவிடுவார். நான் கூட இருந்தால் கடைசிவரை வருவார். தங்கச்சியைப் பற்றிச் சொல்ல என்னிடம் எவ்வளவோ இருக்கிறது. பேச ஆரம்பித்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. என் மூக்குதான் அவளுக்கு. கோபம் வந்தால் தட்டைத் தள்ளி வைப்பாள், ஆனால் பசி தாங்கமாட்டாள். நேற்று இதைச் சொன்னபோது மாப்பிள்ளைகூட சிரித்துவிட்டார். ரயிலில் பொழுது போகும். ஏற்றத்தில் நான் மெதுவாகத்தான் நடப்பேன். அவர் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அங்கிருந்து கடிதம் எழுத வசதிப்படாது. நீ அத்தையைத் தனியே விட்டுவிட்டு வேறு எங்காவது போகவேண்டியிருந்தால் போய்க்கொள். எங்களுக்காகக் காத்திருக்காதே. நன்றாக இரு.

காலையில் கிளம்புகிறோம். மாப்பிள்ளைதான் பையைக் கட்டினார். எனக்கு ஒரு மாற்றுச் சட்டை எடுத்து வைக்கச் சொன்னேன். "தேவைப்படாது மாமா" என்றார்.

சரி என்றேன்.

உன் அப்பா
(கைநாட்டு)