டர்போவில் தேய்மானம் இல்லை

உன் காரின் டர்போவில் தேய்மானம் இல்லை. கிண்டி தொழிற்பேட்டையில் நம் மெக்கானிக் பாபு இன்று காலை அதைக் கழற்றித் துடைத்து என் கையில் கொடுத்துச் சொன்ன தகவல் இது. அருகில் நின்று நானும் பார்த்தேன். நடுத்தண்டை இரண்டு விரலால் பிடித்து அசைத்தார். இருக்க வேண்டிய அளவுக்கு மேல் ஆட்டம் இல்லை. வாயால் ஊதினார். சக்கரம் சத்தமில்லாமல் சுழன்றது. "புதுசு மாதிரி கீது சார்" என்றார். பார்க்கிங்கில் எண்ணெய் சொட்டியதற்குக் காரணம் எண்ணெய்க் குழாயில் தளர்ந்துபோன ஒரு கிளாம்ப், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து சோப்பு போட்டுக் கழுவியும் கையில் ஆயில் வாடை போகவில்லை. கறுத்துப்போன ஆயிலின் அந்த வாடை உன் சட்டையில் எப்போதும் இருந்தது. விரலை முகர்ந்தபடிதான் இதை எழுதுகிறேன். நான் எழுதும் எதையும் முதலில் வாசிப்பவன் நீ. "யோவ், தகவலை முதல்ல சொல்லுய்யா, கண்ணீரை அப்புறம் விடு" என்பாய். அதனால்தான் முதலில் தகவலைச் சொன்னேன்.

நல்ல செய்திதானே என்று கேட்பாய். உன் வீட்டுக்கு இதைவிடக் கெட்ட செய்தியை என்னால் கொண்டுபோக முடியாது.

உன் முதல் டர்போ வண்டி ஒரு பழைய ஜீப். நீ பத்திரிகைப் போட்டோகிராபர், நான் நிருபர். அதில் நாம் போகாத வெள்ளமும் இல்லை, கூட்டமும் இல்லை. வண்டி சரியாக நிற்பதற்குள் சாவியைத் திருகி அணைத்துவிட்டுக் கேமராவோடு ஓடிவிடுவாய். கதவைச் சாத்துவது கார் ஓட்டத் தெரியாத என் வேலை. ஒருநாள் திண்டிவனம் தாண்டி அந்த ஜீப் நீலப் புகை கக்கி நின்றது. கட்டி இழுத்துக்கொண்டு வந்து பாபுவிடம் விட்டோம். பிரித்துப் பார்த்துவிட்டு அவர் உன்னைத் திட்டிய திட்டு எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது.

"இன்னா சார், பேய் மாதிரி ஓட்டிக்கினு வந்து டக்குனு ஆஃப் பண்ணா அது இன்னாத்துக்கு ஆவும்? உள்ள ஆயிலு கருகிப் போயிக்கீது பாரு. வந்து நின்னா ரெண்டு நிமிஷம் ஐடில்ல உடு. அதுவும் மூச்சு வாங்கிக்கட்டும்."

அன்றைக்குத்தான் எனக்கும் அது புரிந்தது. இன்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் சுழல்வது டர்போ. பழுக்கக் காய்ந்திருக்கும் அதைக் குளிர்விப்பது ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெய். இன்ஜினைச் சட்டென்று அணைத்தால் எண்ணெய் நின்றுவிடும், சூடு நிற்காது. அதனால் அணைக்கும் முன் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட வேண்டும்.

ஜீப் போய் இந்த டீசல் கார் வந்தது. பழக்கமும் கூடவே வந்தது. வாழ்நாளெல்லாம் ஓடியவன் வீட்டு வாசலில் உட்காரக் கற்றுக்கொண்டாய். மயிலாப்பூரில் உன் அடுக்ககத்தின் பார்க்கிங், அதற்கு நேர் மேலே இரண்டாம் மாடியில் உன் வீட்டுச் சமையலறை ஜன்னல். காரை நிறுத்துவாய், சீட்டைக் கொஞ்சம் சாய்ப்பாய், கண்ணை மூடுவாய். மேலேயிருந்து சுசீலாவின் குரல் வரும்: "என்னங்க, உங்க ரெண்டாவது சம்சாரத்துக்குத் தூக்கம் வந்துடுச்சா?"

"இன்னும் இல்லடி, தட்டிக் குடுத்துட்டிருக்கேன்."

அதற்கு மேலேயிருந்து வரும் சிரிப்புக்கு நானும் பலமுறை சாட்சி. பக்கத்து சீட்டில் நான் இருந்தால் அந்த நேரத்தில் ஏதாவது சொல்வாய். காரை விட்டு இறங்கியபின் நீ பேசாத விஷயங்களாக அவை இருக்கும்.

டைமர் போட்டுவிடச் சொன்னவர் சுசீலாதான். சாவியை எடுத்துக்கொண்டு நாம் இறங்கிவிட்ட பிறகும் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத் தானே அணைக்கும் சின்னப் பெட்டி அது. ஜி.பி. ரோட்டில் ஒரு உதிரிபாகக் கடைக்கு அவருக்காகவே போனோம்.

"சாவிய பாக்கெட்ல போட்டுக்கினு போய்க்கினே இருங்க சார். அது வேலைய அது பாத்துக்கும்" என்றார் கடைக்காரர்.

"சாவி என் பாக்கெட்ல, வண்டி தானா ஓடுது. அது என் வண்டியா, பேய் வண்டியா?" என்றாய்.

வெளியே வந்ததும் என்னிடம் வேறு காரணம் சொன்னாய். "ஓட்டினது நான். ஆறணும்னா நானும் கூட உக்காரணும்யா. எவ்வளவு ஓட்டினோமோ அதுக்குத் தகுந்த மாதிரி உக்காரணும்." உன் வீட்டில் அது சட்டமாகிவிட்டது. மார்க்கெட்டுக்குப் போய்வந்தால் கொஞ்ச நேரம், வேலூர் போய்வந்தால் அதிக நேரம். கீழே இன்ஜின் ஓடும் நேரத்தை வைத்தே நீ எவ்வளவு தூரம் போய்விட்டு வந்திருக்கிறாய் என்று சுசீலாவும் உன் மகள் நித்யாவும் சொல்லிவிடுவார்கள். வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு கணக்கு இருந்திருக்காது.

அன்று மாமல்லபுரம் போவதாகச் சொல்லிக் கிளம்பினாய். என்னை ஏற்றிக்கொண்ட பிறகு, நாம் பார்க்கப் போகிறவர் ஊரில் இல்லை என்று போன் வந்தது. வண்டியைத் தி.நகருக்குத் திருப்பினாய். உன் பழைய லென்ஸைச் சரிபார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். பாண்டி பஜாரில் நின்றோம், சிக்னலில் நின்றோம், பாலத்தில் நின்றோம். நீ ஹாரன்கூட அடிக்கவில்லை. கோட்டூர்புரத்தில் என்னை இறக்கிவிட்டபோது தோளைத் தேய்த்துக்கொண்டு, "நாள் பூரா கிளட்ச் மிதிச்சே கால் போச்சுய்யா" என்றாய். தோளைத் தேய்த்துக்கொண்டு காலைச் சொன்னாய். நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் கார் உள்ளே வந்தது. வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். நீ கையைத் தூக்கினாய் என்கிறார். சீட்டைச் சாய்த்தாய். சமையலறையில் சுசீலா தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. மாமல்லபுரம் போய்விட்டு வருகிறார், ஆறட்டும் என்று நினைத்தார். அடுப்பைச் சிறிதாக்கினார். வாட்ச்மேன் அந்தப் பக்கம் ஒருமுறை வந்து பார்த்தார். ஐயா எப்போதும் போலக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார் என்று போய்விட்டார். வேலை முடிந்து வந்த நித்யாதான் காரின் கதவைத் திறந்தாள். எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்பது உறுதியாகவில்லை. மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மாரடைப்பு என்றார்கள். கொஞ்சம் முன்னால் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று மருத்துவரைத் தனியாகக் கேட்டேன். "சொல்ல முடியாது சார்" என்றார். பிழைத்திருக்க மாட்டார் என்று சொல்லியிருந்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

இப்போது நித்யா உன் காரை ஓட்டுகிறாள். போன வாரம் நான் போயிருந்தபோது அவள் வேலையிலிருந்து வந்தாள். கீழே இன்ஜின் சத்தம் நிற்கவில்லை. என்னோடு பேசிக்கொண்டிருந்த சுசீலா பாதி வார்த்தையில் எழுந்து, கரண்டியைக் கையில் வைத்தபடியே படியிறங்கி ஓடினார். நானும் பின்னால் போனேன். கரண்டியாலேயே கார்க் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இறங்குடி."

"ரெண்டு நிமிஷம்மா. தெனமும் இதே ரோதனையா?"

"இறங்குன்னு சொல்றேன்ல. அந்த எழவு டைமரப் போட்டுத் தொலைங்கன்னு அந்த மனுஷன் கிட்டயும் சொன்னேன், கேக்கல. நீயும் கேக்காத."

"அப்பா வேணாம்னாரு. காரணம் இல்லாமலா உக்காந்தாரு? நானும் உக்காருவேன்."

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க மாமா. அப்பா உக்காந்ததாலதானே வண்டி இன்னிக்கும் நல்லா ஓடுது?"

மாடிக்கு வந்ததும் சுசீலாவும் ஒன்று கேட்டார், தணிந்த குரலில். "அண்ணே, நீங்க ஊரெல்லாம் விசாரிச்சு எழுதினவங்க. இத விசாரிச்சுச் சொல்லுங்க. டைமர் இருந்திருந்தா அவர் இறங்கி மேல வந்திருப்பாரா? என் கண்ணுல பட்டிருப்பாரா?"

அதற்காகத்தான் எண்ணெய்க் கசிவைச் சாக்காக வைத்து, நித்யாவோடு காரில் கிண்டிக்குப் போனேன். அவள் காரை விட்டுவிட்டு அலுவலகம் போனதும் டர்போவையே கழற்றிப் பார்க்கச் சொன்னேன்.

"அவர் உக்காந்ததாலதான் இவ்வளவு நல்லா இருக்கா பாபு?"

"இருக்கலாம் சார். உக்காராட்டியும் இப்டியேதான் இருந்திருக்கும்."

"ரெண்டுல எது?"

"அத எப்டி சொல்றது? ஹைவேல அடிச்சு ஓட்டிக்கினு வந்து உடனே நிறுத்துனாத்தான் சார் பிரச்சன. டவுனுக்குள்ள டர்போ எங்க சூடாவுது? பாண்டி பஜார்லர்ந்து ஊர்ந்துக்கினு வந்தா, கேட்டுக்கு வரும்போதே ஆறிப் பூடும். அப்பால உக்காந்து இன்னா ஆவப்போவுது?"

நான் டர்போவைக் கீழே வைத்தேன். அவர் கையிலிருந்த துணி நின்றது.

"அன்னிக்கு எங்கர்ந்து சார் வந்தாரு?"

"தி.நகர்லேர்ந்து."

பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "நான் ஜீப்புக்குத்தான் சார் சொன்னேன். இந்த வண்டிக்கு நான் சொல்லவே இல்ல" என்றார். மறுபடியும் அதையே சொன்னார். பிறகு எழுந்து, "டைமர் போட்டுடலாம் சார். தேவையோ தேவையில்லியோ, இனிமே அந்த வண்டில யாரும் உக்கார வாணாம்" என்று சொல்லி, இப்போது அது கிடைக்கும் கோயம்புத்தூர்க் கடைக்குப் போன் போட்டார்.

ஆக, நீ அன்று உட்கார வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை. இதைச் சொன்னால் நித்யா நாளையிலிருந்து வந்ததும் காரை அணைத்துவிடுவாள், டைமரே தேவைப்படாது. ஆனால் அப்பா காரணமில்லாமல் உட்கார்ந்திருந்தார் என்பதோடு அவள் வாழ வேண்டும். சுசீலா அடுப்பைச் சிறிதாக்கிக் காத்திருந்ததும் ஒன்றுமில்லாத ஒன்றுக்காக என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் அந்தச் சத்தம் உன் ஜன்னலுக்குக் கீழே தொடரும். உண்மை தெரிந்தால் எழுது, தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுது என்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில். தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதில் எந்த வகை என்று எனக்குத் தெரியவில்லை. நீ இருந்தால் ஒரு கெட்ட வார்த்தையில் முடித்திருப்பாய்.

நீ போனபின் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நின்றிருக்கும் காரில் இன்ஜின் ஓடினால் என்னால் கடந்துபோக முடியவில்லை. போய்க் கண்ணாடியைத் தட்டிவிடுகிறேன். நேற்று நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்கிவிட்டுத் திரும்பும்போது ரோட்டோரம் ஏசியில் படுத்திருந்த வாடகைக் கார் டிரைவரை எழுப்பிவிட்டேன். "இன்னா பெரிசு, செத்தா கீறேன்? நிம்மதியா கண்ண மூட உட மாட்டியா?" என்றார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நடந்தேன். அந்த வசவு எனக்குத் தேவைப்படுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் திட்டும் வரை என்னால் அங்கிருந்து நகர முடிவதில்லை.

டைமர் வியாழக்கிழமை வந்துவிடும் என்கிறார் பாபு. அன்றே பொருத்திவிடுவாராம். இன்று பேசியபோது, "சரி மாமா, அம்மாவுக்காக" என்றாள் நித்யா. டர்போ எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டதற்கு, நல்லா இருக்கும்மா என்று மட்டும் சொன்னேன். சுசீலாவின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் நித்யா காரை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிடுவாள். கீழே ஆளில்லாமல் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். மகள் பக்கத்தில் நிற்கும்போதும், அந்தச் சத்தம் நிற்பதற்குள் சுசீலா கரண்டியோடு படியிறங்குவாரா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.