கெம்னிட்ஸில் ரெண்டு கட்டில் ரூம்

பிப்ரவரி 4, செவ்வாய்

கத்தாரில் இன்று காலை பனிமூட்டம். அல் கோரிலிருந்து ராஸ் லஃபான் போகிற கம்பெனி பஸ் நாற்பது நிமிஷம் லேட். கேட்டில் நீள வரிசை.

லீவு ஃபாரம் எழுதினேன். 'காரணம்' என்கிற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஜெர்மனியில் படிக்கிற என் மகன் கார் இடித்து ஒரு பெரியவர் இறந்துபோனார், மார்ச் 12 கோர்ட். இதை எழுதிக் கொடுக்க முடியுமா. 'குடும்ப விஷயம்' என்று போட்டேன். மேனேஜர் பார்த்துவிட்டு, "கல்யாணமா?" என்றார். தலையை ஆட்டி வைத்தேன். அவர் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

நடந்தது நவம்பர் 14. அப்போது கார்த்திக் சொன்னது: சின்ன ஆக்சிடென்ட், ஃப்ரெண்டோட கார், கண்ணாடி போச்சு, எனக்கு ஒண்ணுமில்ல. ஆள் இறந்ததைப் போன வாரம் கோர்ட் கடிதம் வந்த பிறகுதான் சொன்னான். இத்தனை நாள் தனியாகவே வைத்திருந்திருக்கிறான்.

செய்ய வேண்டியவை:
விசா அப்பாயின்ட்மென்ட் (ஞாயிறு).
கம்பெனி லெட்டர், இன்சூரன்ஸ்.
ஹோட்டல். புக்கிங் பேப்பர் இல்லாமல் விசாவுக்குக் கொடுக்க முடியாது.
குளிர்க் கோட்டு. இருப்பது சைட் ஜாக்கெட் மட்டும், முதுகில் கம்பெனி பேர்.

பிப்ரவரி 6, வியாழன்

ஊர் பேர் கெம்னிட்ஸ். நாலு தடவை சொல்லிப் பழகினேன். பெர்லினில் இறங்கி ரயில், லைப்சிக்கில் மாற வேண்டும்.

கார்த்திக் ஹாஸ்டலில் ரூமுக்கு ஒரு கட்டில்தான். ஆகவே ஹோட்டல். டூட்டி முடிந்து வந்து லேப்டாப்பைத் திறந்தேன். என் மனைவி சுமதி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கோர்ட்டுக்குக் கிட்ட பாருங்க. அன்னைக்குப் போய் டிராம் தேடிட்டு நிக்க முடியாது."

மலிவாக மூன்று இருக்கின்றன. ஒன்றில் பாத்ரூம் வராந்தாவில். ஒன்று நெடுஞ்சாலை ஓரம். ஸ்டேஷன் பக்கத்தில் இருப்பது தேவலை. தங்கினவர்கள் எழுதிய குறைகளை எல்லாம் படித்தேன். தலையணை தட்டை. காபி ஆறிப்போச்சு. ஜன்னல் வழியே டிராம் சத்தம். தலையணையைக் குறை சொல்கிற அளவுக்கு மனசு லேசாகப் போய் வந்திருக்கிறார்கள்.

"எத்தனை பேர்னு போட்டீங்க?"

"ரெண்டு."

அவளும் நானும் என்று நினைத்துக்கொண்டாள். எனக்கும் கார்த்திக்குக்கும் என்று நான் நினைத்திருந்தேன். சொல்லவில்லை. கோர்ட்டில் அவள் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்க வேண்டாம்.

ட்வின் ரூம், ரெண்டு தனிக் கட்டில், நாலு ராத்திரி, மார்ச் 10 முதல் 14.

பிப்ரவரி 7, வெள்ளி

ஆஃப். துணி துவைத்தாயிற்று. சுமதி கடைக்குப் போயிருக்கிறாள்.

ஹோட்டலிலிருந்து கோர்ட் எவ்வளவு தூரம் என்று பார்க்க உட்கார்ந்தேன். கார்த்திக் படம் எடுத்து அனுப்பின கோர்ட் கடிதத்தைப் போன் ஆப்பில் மொழிபெயர்த்தேன். பாதி புரிகிறது. கோர்ட் விலாசம். அதற்குக் கீழே, சம்பவம் நடந்த இடம். தெருப் பேரை மேப்பில் போட்டால் படமே வருகிறது. நடக்கிறவர்களுக்கு வெள்ளைக் கோடு. டிராம் ஸ்டாப். ஒரு விளக்குக் கம்பம், அடுத்தது நல்ல தூரம் தள்ளி. பத்தொன்பது வருஷமாக சேஃப்டி வேலையில் இருக்கிறவன், கை தானாகவே குறிப்பு எடுத்தது. வெளிச்சம் குறைவு. ரோடு ஈரமாக இருந்திருக்கலாம். பெரியவருக்கு எழுபத்தொன்று, கருப்புக் கோட்டு.

நேரம் 7.06 என்று இருக்கிறது. காலை.

நேரத்தை எழுதின பிறகுதான் உறைத்தது. அங்கே 7.06 என்றால் குளிர்காலத்தில் இங்கே 9.06. டீ பிரேக்.

போனில் பழைய கால் லிஸ்ட்டைத் தேடினேன். கைக்கு வர நேரமாயிற்று. நவம்பர் 14. கார்த்திக். 9.06. எடுக்கவில்லை.

அன்று சுமதி பிறந்தநாள். அவனுக்கு ஞாபகப்படுத்தத்தான் கூப்பிட்டேன். சாயங்காலம் அவனே அவளுக்குப் பேசினான். வாழ்த்தெல்லாம் சொன்னான். வீடியோ மட்டும் போடவில்லை.

சுமதி வந்துவிட்டாள். முருங்கைக்காய் கிடைத்ததாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தோஹா, விசா ஆபீஸ். டோக்கன் 61. கவுன்ட்டரில் மலையாளிப் பெண், நன்றாகவே தமிழ் பேசினாள்.

"டூரிஸமா சார்?"

"மகனைப் பார்க்க."

"ஆள் ஒண்ணு, ஆனா ட்வின் ரூம் போட்டிருக்கு?"

"மகன் என்கூடத் தங்குவான்."

"கொள்ளாம், நல்லது," என்று சிரித்தாள். விரல் ரேகை எடுத்தார்கள். இடது கட்டைவிரல் மூன்று தடவை சரியாக விழவில்லை.

வீட்டில் சுமதியிடம், விசா ஒருத்தருக்குத்தான் கிடைக்கும் என்று சொன்னேன். அவள் பாஸ்போர்ட் பீரோவிலேயே இருக்கிறது. நான் எடுக்கவே இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

வேலை தொடங்குமுன் ஆட்களிடம் பேசுகிற பத்து நிமிஷப் பேச்சு. இந்த மாசத்துத் தலைப்பு, வண்டி ஓட்டும்போது போன். டிரைவர்கள் எல்லாரும் நிற்கிறார்கள், பாகிஸ்தானி, நேபாளி, நம்ம ஆட்கள். 'ஒரு செகண்ட் பார்த்தா பதினாலு மீட்டர் குருட்டுத்தனமாப் போறே' என்பது என் வழக்கமான வரி. ஹிந்தியிலும் சொல்வேன்.

ஏணியைப் பற்றிப் பேசினேன்.

ஃபோர்மேன் முருகன் அருகில் வந்து, "சார், ஷீட்ல வேற போட்டிருக்கே?"

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

கையெழுத்து எல்லாம் பழைய தலைப்பிலேயே வாங்கியாயிற்று. பத்தொன்பது வருஷத்தில் முதல் பொய் ரெக்கார்டு.

பிப்ரவரி 13, வியாழன்

கேன்டீன் பின்னால் நின்று கார்த்திக்கைக் கூப்பிட்டேன். பேசினதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"எத்தனை ஸ்பீடு?"

"நாப்பது இருக்கும்."

"லைட் போட்டிருந்தியா? தூங்கினியா முந்தின நாள்? பக்கத்துல யாரு?"

"அப்பா, நீங்க என்ன இன்வெஸ்டிகேட் பண்றீங்களா?"



"போன் அடிச்சுதா?"

"ம்."

"எடுத்தியா?"

"எடுக்கல. பாத்தேன். உங்க பேரு. ஜஸ்ட் ஒரு லுக்."

"போலீஸ்ல சொன்னியா?"

"இருட்டா இருந்துச்சு, தெரியலன்னு சொன்னேன். அவங்க போனைக் கேக்கல. வக்கீலும் நீயா சொல்லாதே, ஃபைனோட முடிஞ்சுரும்ங்கறார்." பிறகு, "ஆனா நான் சொல்லப் போறேன்ப்பா."

அப்போது நான் சொன்னது: "வக்கீல் சொல்றபடி கேளு."

வைத்துவிட்டான்.

பிப்ரவரி 15, சனி

காற்று, மணல். ஜன்னல் இடுக்கில் துணி சொருகினோம்.

சுமதி ஹோட்டல் பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு கட்டில். நான் வரலைன்னா அது யாருக்கு?"

"கார்த்திக்கு."

"அப்ப முதல்லயே நான் கணக்குல இல்ல."

பேப்பரை மடித்து மேஜைமேல் வைத்தாள். "அன்னைக்குக் காலைல அவனைக் கூப்பிட்டீங்கல்ல? எடுக்கல, தூங்கறான் போலன்னு எங்கிட்ட சொன்னீங்க. லெட்டர் வந்த அன்னைக்கே நேரத்தைப் பாத்தேன். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அழவில்லை அவள். சமையலறைக்குப் போய் அரிசி களைந்தாள். தண்ணீர் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

பிப்ரவரி 27, வியாழன்

பாஸ்போர்ட் வந்தது. விசா எட்டு நாளுக்கு. கார்த்திக்குக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன்.

பதில்: "வராதீங்க."

இந்த நிமிஷம்கூட ஹோட்டலை கேன்சல் பண்ணலாம். பட்டன் பச்சையில் இருக்கிறது. பண்ணவில்லை.

சுமதி வேண்டியதற்கு மட்டும் பேசுகிறாள். சாப்பாடு ரெடி. கேஸ் தீர்ந்துபோச்சு.

மார்ச் 2, ஞாயிறு

ரம்ஜான் நோன்பு தொடங்கியாச்சு. சைட்டில் டூட்டி நேரம் மாறிவிட்டது, பகலில் கேன்டீன் மூடல். முருகன் தன் தம்பியின் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். துபாயிலிருந்து ரஷ்யா டூர் போக வாங்கினதாம். தோளில் இறுக்கம். போதும்.

சுமதி பெட்டி அடுக்கினாள். கார்த்திக்குக்குப் பருப்புப் பொடி, ரெண்டு உள்பனியன், ஒரு வெள்ளைச் சட்டை. சட்டையை அவளே இஸ்திரி போட்டாள். மூடும்போது ஒன்று சொன்னாள், பெட்டியைப் பார்த்தபடியே.

"அவன் சொல்லணும்னா சொல்லட்டும். தடுக்கறதுக்குன்னா நீங்க போக வேண்டாம்."

மார்ச் 10, திங்கள். கெம்னிட்ஸ்

மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் ஏதோ விழுகிறது. கை விறைத்துவிட்டது.

ஹோட்டல் மூன்றாம் மாடி. ரெண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. சுவரில் ஒரு பாலத்தின் படம். டிராம் சத்தம் வருகிறது, எழுதினவன் பொய் சொல்லவில்லை.

ஸ்டேஷனுக்குக் கார்த்திக் வரவில்லை. ஆறு மணிக்கு ரூம் கதவைத் தட்டினான். பாதியாய் இளைத்திருக்கிறான். தாடி. கதவுக்கு வெளியிலேயே நின்றான்.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"வா உள்ள."

ரிசப்ஷனில் கேட்டு வெந்நீர் வாங்கி, பிளாஸ்டிக் டப்பாவில் நூடுல்ஸ். பருப்புப் பொடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடினான். ஜன்னல் பக்கக் கட்டிலில் படுத்துக்கொண்டான். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் அந்த இடத்துக்கு நடந்து போனோம். அவன்தான் கூட்டிப்போனான். விளக்குக் கம்பத்தடியில் கண்ணாடி ஜாடிக்குள் ஒரு மெழுகுவர்த்தி, அணைந்து கிடந்தது. வாரா வாரம் யாரோ மாற்றுகிறார்களாம். "தூரத்துல இருந்து பாத்திருக்கேன். கிட்ட இன்னைக்குத்தான் வரேன்," என்றான்.

மத்தியானம் வக்கீல். சின்ன ஆபீஸ். அவர் ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார்: உங்கள் மகனைச் சும்மா இருக்கச் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். கார்த்திக் என்னைப் பார்த்தான்.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்ன சொல்லப் போறே?"

"நடந்தத."

"சரி."

அவ்வளவுதான் என்னால் முடிந்தது. டிராம் வரும் வரைக்கும் என் தோளை ஒட்டி நின்றான்.

மார்ச் 12, புதன்

வெள்ளைச் சட்டை அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது.

கோர்ட் அறை சின்னது, பள்ளிக்கூட கிளாஸ் மாதிரி. நீதிபதி ஒரு பெண், மூக்குக் கண்ணாடி. பெரியவரின் மனைவி வந்திருந்தார், பழுப்பு ஸ்வெட்டர், பக்கத்தில் அவர் வக்கீல். எனக்கு மொழிபெயர்க்க ஒரு ஆள்.

கார்த்திக் எழுந்து ஜெர்மனில் பேசினான். இவ்வளவு நன்றாகப் பேசுவான் என்று எனக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பவர் என் காதருகே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். போன் அடித்தது. திரையைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது பெரியவர் முன்னால் இருந்தார். போலீஸில் இதைச் சொல்லவில்லை.

அவன் வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார்.

பெரியவரின் மனைவி ஏதோ கேட்டார். யார் கூப்பிட்டது என்று. கார்த்திக் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். எழலாமா கூடாதா தெரியாது. நீதிபதி ஒன்றும் சொல்லவில்லை.

"நான்தான். அவங்கம்மாவுக்குப் பிறந்தநாள்னு ஞாபகப்படுத்த."

மொழிபெயர்ப்பவர் அதை ஜெர்மனில் சொன்னார். அந்த அம்மா ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். பிறகு சொன்னது, எனக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது: நானும் அன்று காலை என் கணவரைக் கூப்பிட்டேன். ரொட்டி வாங்கப் போனவர் இன்னும் காணோமே என்று. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

உட்கார்ந்தேன்.

மத்தியானம் தீர்ப்பு. எட்டு மாசம் சிறை, ஆனால் இப்போது உள்ளே போக வேண்டாம். மூன்று வருஷம் வேறு தப்பு எதிலும் மாட்டக் கூடாது. லைசென்ஸ் போயிற்று. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஃபைனோடு போயிருக்கும் என்று வக்கீல் வராந்தாவில் ரெண்டு தடவை சொன்னார். இனி இங்கே இருக்கிற பர்மிட்டையும் திரும்பப் பார்ப்பார்களாம். படிப்பு பாதியில் நிற்கலாம்.

அந்த அம்மா எங்களைத் தாண்டிப் போனார். கார்த்திக் தலை குனிந்தான். அவர் நிற்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

சுமதிக்கு விஷயம் சொன்னது கார்த்திக். வராந்தாவில் நின்று முக்கால் மணி நேரம் பேசினான். என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்லவில்லை அவள்.

"அல் கோருக்கு வந்துடு. கொஞ்ச நாள் இரு," என்றேன்.

"பர்மிட் லெட்டர் வர்ற வரைக்கும் இங்கதான் இருக்கணும்ப்பா. இருக்கேன்."

"தனியா எப்படி?"

"இவ்ளோ நாள் எப்படி இருந்தேன்."

குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

கீழே போய் ரூமை ரெண்டு நாள் நீட்டிக்க முடியுமா என்று கேட்டேன். ஏதோ கண்காட்சியாம், எல்லா ரூமும் போயாச்சு. என் விசாவில் இன்னும் நாள் இருக்கிறது. தங்க இடம் இல்லை, லீவும் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

வெயில். வந்ததிலிருந்து இன்றுதான்.

பெட்டி கட்டியாச்சு. ரயில் 1.20. பதினோரு மணிக்குள் ரூமைக் காலி பண்ண வேண்டும்.

கார்த்திக் தூங்குகிறான். நேற்று எட்டு மணிக்குப் படுத்தவன். நவம்பரிலிருந்து தொடர்ந்து ரெண்டு மணி நேரம் தூங்கினதில்லை என்று சொல்லியிருந்தான். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. ஷூ கட்டிலுக்குக் கீழே, ஜோடியாக.

பத்தரைக்கு அறை சுத்தம் பண்ணுகிற அம்மாள் கதவைத் திறந்தாள். விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். அவனைப் பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டு போனாள்.

பதினொன்று.

பதினொன்றே கால். எழுப்பவில்லை.