பத்துக்கு ஒரு படி குறைவு

ஆலோசனை மையம்
6 அக்டோபர் 2003

திரு. ட்ரயான் முந்தியானு அவர்களுக்கு,

வணக்கம். கொட்டுகிற மழையில் மரலாரியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வந்தீர்கள். வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு, "கோர்ட் போகச் சொல்லுச்சு, வந்துட்டேன். முத்திரையைக் குத்திக் குடுங்க டாக்டரம்மா, லாரி கிளம்பிடும்" என்றீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆனாலும் வந்தீர்களே, அதற்கு நன்றி. கோர்ட் அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் வருவதே இல்லை.

ஆறு மாத ஆலோசனை என்பது தீர்ப்பு. முகாமிலிருந்து மாதம் ஒரு முறைதான் நீங்கள் இறங்க முடியும் என்பதால் மற்றதைக் கடிதத்தில் வைத்துக்கொள்வோம். லாரிக்கார நெலு கொண்டுவந்து தருவார். உங்கள் மனைவி லவினியாவையும் வியாழன்தோறும் நான்தான் பார்க்கிறேன். ஊரில் இந்த வேலைக்கு நான் ஒருத்திதான். அவர் எங்கே தங்கியிருக்கிறார் என்று மட்டும் கேட்காதீர்கள். சொல்லக் கூடாது என்று உத்தரவு.

நடந்ததைக் கிளற மாட்டேன். நான் கற்ற முறையில் அதற்கு இடமில்லை. பிரச்சினையைத் தோண்டாமல், அது தீர்ந்த பிறகு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பார்ப்பதுதான் எங்கள் வழி. அதனால் இரண்டே கேள்வி. நீங்கள் தூங்கும்போது ஓர் அற்புதம் நடந்து எல்லாம் சரியாகிவிடுகிறது. தூக்கத்தில் நடந்ததால் உங்களுக்குத் தெரியாது. காலையில் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள்? அந்தக் காலை பத்து, மிக மோசமான நாள் பூஜ்யம் என்றால், இன்று எந்த எண்ணில் நிற்கிறீர்கள்?

அன்புடன்,
கமெலியா ட்ராகோமிர்

மரவெட்டு முகாம்
19 அக்டோபர்

டாக்டரம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நெலு எல்லார் முன்னாலும் நீட்டிவிட்டான். சமையல்காரன் கோஸ்தின், "என்னடா, காதல் கடுதாசியா? பொண்டாட்டி ஓடிப்போனவனுக்கு எவடா எழுதறது?" என்று கேட்க, முகாமே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வராது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அற்புதமா? கோஸ்தின் கிண்டுகிற மாமாலிகா, அந்தச் சோளக்களி, கட்டி தட்டாமல் இருந்தால் அதுவே அற்புதம். சரி, கேட்டுவிட்டீர்கள். காலை. மேசையில் இரண்டு கோப்பை. எதிரில் லவினியா உட்கார்ந்திருக்கிறாள். பேசிக்கொண்டிருக்கும்போது அவள் கதவைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வளவுதான்.

எண் இரண்டு. போதுமா?

ட்ரயான்

ஆலோசனை மையம்
3 நவம்பர்

அன்புள்ள ட்ரயான்,

போதாது! இரண்டு என்றீர்களே, ஒன்று என்று ஏன் சொல்லவில்லை? அந்த ஒரு படியை ஏற்றிவிட்டது எது? யோசியுங்கள்.

கதவைப் பற்றி எழுதினீர்கள் பாருங்கள், அதை நாலு முறை படித்தேன். மனைவியின் பார்வை எங்கே போகிறது என்று கவனிக்கிற கணவர்கள் எத்தனை பேர்? இருபது வருஷம் சேர்ந்து வாழ்ந்த என் வீட்டுக்காரருக்கு என் கண் என்ன நிறம் என்று தெரியாது.

லவினியாவிடம் இரண்டு கோப்பையைப் பற்றிச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். மனம் இளகுகிறது என்று நினைக்கிறேன். எப்போதும் இடது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடியேதான் பேசுவார். எங்கள் அறையில் கணப்பு சரியில்லை. ஆனால் நன்றாகத் தூங்குகிறார். "ரொட்டி வாசனையிலயே முழிச்சிடறேன் மேடம், கடிகாரமே வேணாம்" என்று சொன்னார். உங்களுக்கும் ஆறுதலாக இருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

இன்னொன்று. எங்கள் தொழிலில் மிக முக்கியமான கேள்வி மிகச் சின்னது: வேறென்ன? எந்தப் பதிலுக்குப் பிறகும் அதைக் கேட்டால் இன்னொன்று வரும். உங்களையும் கேட்கிறேன். வேறென்ன?

அன்புடன்,
கமெலியா

மரவெட்டு முகாம்
20 நவம்பர்

மதிப்பிற்குரிய மேடம்,

முதல் கடிதத்தில் கிண்டல் செய்ததற்கு மன்னியுங்கள். இருபத்தொரு நாளாக த்சுய்க்கா சாராயத்தைத் தொடவில்லை. கோஸ்தின் என் பங்கையும் சேர்த்துக் குடித்துவிட்டு, "நீ சாமியாராப் போயிடு, எனக்கு நல்லது" என்கிறான். எண் ஐந்து.

ஏற்றியது எது என்று கேட்டீர்கள். அந்த ரொட்டி வாசனைதான். அவள் நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்தால் எனக்குக் குடிக்கத் தோன்றுவதில்லை. மரம் வெட்டும்போது அதையே நினைத்துக்கொள்கிறேன்.

இடம் எதுவும் வேண்டாம் மேடம். உத்தரவு உத்தரவுதான். அவள் காலையில் எதைப் பார்க்கிறாள், எதைக் கேட்கிறாள், இவ்வளவுதான். நீங்கள் கற்றுத்தந்த கேள்வியையே கேட்கிறேன். வேறென்ன?

நன்றியுடன்,
ட்ரயான்

ஆலோசனை மையம்
1 டிசம்பர்

அன்புள்ள ட்ரயான்,

ஐந்து! உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பக்கத்து அறை வக்கீலம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் எதையும் நம்பாதவள். "ஜாக்கிரதை கமெலியா, ஆள் ரொம்ப நல்லவனா ஆயிட்டு வரான்" என்றாள். கோர்ட்டிலேயே கிடப்பவர்களுக்கு நல்லது கண்ணில் படாது.

இவ்வளவு பாடுபடுகிறவருக்குச் சின்ன விஷயம் சொல்வதில் தப்பில்லை. லவினியா காலையில் ஜன்னலைத் திறந்து தகரக் கூரையில் புறாக்களுக்கு ரொட்டித்தூள் போடுகிறார். ஏழு மணிக்குத் தேவாலயத்தின் அந்த விரிசல் விட்ட மணி அடித்ததும் அத்தனையும் பறந்துபோய், அது ஓய்ந்ததும் திரும்பி வந்துவிடுமாம். "வெரட்டினாலும் வருது பாருங்க மேடம், வெக்கம் கெட்டதுங்க" என்று சொல்லும்போது முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். மூன்று மாதத்தில் முதல் முறை.

அடுத்த படி என்ன? சின்னதாக இருக்கட்டும்.

அன்புடன்,
கமெலியா

மரவெட்டு முகாம்
14 டிசம்பர்

அன்புள்ள கமெலியா மேடம்,

எண் ஒன்பது.

நிக்கோலஸ் திருநாளுக்குச் சின்னப் பையன் மாதிரி, பரிசு விழும் என்று பூட்ஸைத் துடைத்து வாசலில் வைத்தேன். கோஸ்தின் அதில் ஒரு வெங்காயத்தைப் போட்டுவைத்திருந்தான். தாடியை எடுத்துவிட்டேன். வருகிற வார இறுதிக்கு இரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறேன்.

அற்புதக் காலை இப்போது தெளிவாகத் தெரிகிறது. ஏழு மணி. மணி அடிக்கிறது. புறாக்கள் எழும்புகின்றன. ரொட்டிக்கடைக்கு எதிரே ஒரு பெஞ்சு இருக்கிறது, பனி படிந்து. முதலில் யார் கவனிப்பார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். அவள்தான் மேடம். ஜன்னலிலிருந்து அவள்தான் முதலில் பார்ப்பாள்.

பத்துக்கு ஒரு படிதான் குறைவு. எல்லாம் உங்களால்தான்.

என்றும் நன்றியுள்ள,
ட்ரயான்

ஆலோசனை மையம்
22 டிசம்பர்

ட்ரயான்,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. ஒன்பதைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பிறகு 'பெஞ்சு' என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. நான் பெஞ்சைப் பற்றி எழுதவே இல்லை. ரொட்டிக்கடை என்றும் எழுதவில்லை. என் கடிதங்களின் நகல்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். ரொட்டி வாசனை, தகரக் கூரை, விரிசல் மணி. இந்த ஊரில் விரிசல் விட்ட மணி ஒன்றுதான். அவர் இருக்கும் வாசல்வரை உங்களைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனவள் நான்.

மறுநாள் லவினியா வந்தபோது, மூன்று மாதமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டேன். "அன்னிக்கு என்ன நடந்துச்சு லவினியா?"

"இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா மேடம்? பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும்தானே கேட்டுட்டிருந்தீங்க" என்றார். பிறகு கோட்டுப் பையிலிருந்து இடது கையை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு விரல்கள் மடங்கவில்லை. "கதவைப் பூட்டிட்டு ரெண்டு கோப்பையில காபி ஊத்தினாரு. நடுவுல கோடாலி. கதவைத் திரும்பிப் பாக்காம உக்காந்து பேசணும்னாரு. ரெண்டு வாட்டி பாத்துட்டேன்."

நீங்கள் பொய்யே சொல்லவில்லை. உங்கள் அற்புதக் காலை என்ன என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். அதற்கு நான் பாராட்டு எழுதினேன்.

லவினியா அந்த அறையில் இல்லை. வெள்ளிக்கிழமையே வக்கீலம்மா வேறு ஊருக்குக் கூட்டிப்போய்விட்டாள். எந்த ஊர் என்று என்னிடம் சொல்ல வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். சனிக்கிழமை ஏழு மணிக்கு அந்த ஜன்னலில் நின்றது நான். நீங்கள் புதுக் கோட்டில், முழங்கால்மேல் ஒரு நீளமான பையோடு உட்கார்ந்திருந்தீர்கள். புறாக்கள் போய்த் திரும்பிய பிறகும் நீங்கள் அசையவில்லை. போலீஸ் வருவதற்குள் எழுந்து போய்விட்டீர்கள்.

உங்கள் கடிதங்களையும் என் நகல்களையும் கோர்ட்டில் கொடுத்துவிட்டேன். என் வேலை போகலாம், போகட்டும். இனி எனக்கு எழுதாதீர்கள்.

கமெலியா ட்ராகோமிர்

(முகவரி இல்லை)
5 ஜனவரி 2004

அன்புள்ள கமெலியா மேடம்,

புத்தாண்டு வாழ்த்துகள். முகாமை விட்டு வந்துவிட்டேன். கோஸ்தின் அழுதான். போலீஸ் அவனிடம்தான் என்னைத் தேடிப் போயிருக்கும், பாவம்.

உங்கள்மேல் கோபம் இல்லை. எனக்குக் கோபம் வராது என்று முன்பே எழுதியிருக்கிறேன். நான் இன்னும் ஒன்பதில்தான் நிற்கிறேன். ஒரு வழி அடைபட்டால் இன்னொன்றைப் பார் என்று நேரில் வந்தபோது நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்?

நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் என்னிடம் நல்லது ஒன்றைக் கண்டுபிடித்து எழுதுவீர்கள். இந்த முறை நான் எழுதுகிறேன். நீங்கள் தைரியசாலி. அந்த ஜன்னலில் தனியாக நின்றீர்கள், திரையைக்கூட இழுக்கவில்லை. உங்கள் கண் பழுப்பு. வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

மனிதர்களின் பார்வை எங்கே போகிறது என்று கவனிக்கிறவன் நான் என்று பாராட்டினீர்கள். அந்தப் பழக்கம் போகவில்லை மேடம். மணி அடித்துக்கொண்டிருந்தபோது, உங்களுக்குப் பின்னால் இருக்கிற கதவை நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்.

இரண்டு முறை.

வேறென்ன?

ட்ரயான்