இயக்குநர் பெயருக்குக் கீழே ஒரு கை

ஈலி, நெவாடா
4 செப்டம்பர் 1962

அன்புள்ள வின்னி,

நலம்தானே? நான் இங்கே கௌபாய் குதிரைப் படம் எடுக்கிறேன் என்று புழுதி தின்றுகொண்டிருக்கிறேன். என் திகில் படத்துக்கு நீ செய்து அனுப்பிய, பெயர்கள் ஓடும் டைட்டிலை இந்த ஊர்த் தியேட்டரில் போட்டுப் பார்த்தேன். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். எவ்வளவு நீளம்! அதுவும் என்ன? ஒரு பெண்ணின் கை. இழுப்பறையை மூடுகிறது, பெட்டியைப் பூட்டுகிறது, விளக்கை அணைக்கிறது. ஒரு கத்தி உண்டா, ஒரு சொட்டு ரத்தம் உண்டா? போதாக்குறைக்கு, கொலை செய்தது ஒரு பெண் என்று முதலிலேயே போட்டு உடைத்துவிட்டாய்.

தியேட்டர்காரர் சிரிக்கிறார். "சார், பேரு ஓடுறப்ப எவன் உள்ள இருக்கான்? அது பாப்கார்ன் வாங்குற நேரம். நான் திரைச்சீலையையே அதுக்கப்புறம்தான் தெறப்பேன்!"

பாதியாகக் குறைத்து அனுப்பு.

லொரெய்ன் என்னையும் வீட்டையும் விட்டுப் போய் ஐந்து மாதமாகிறது. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. உன் சிநேகிதிதானே, உனக்காவது ஏதாவது எழுதினாளா?

உன் பழைய நண்பன்,
கிளேட்டன்

ஹாலிவுட்
8 செப்டம்பர்

கிளேட்டன்,

'அன்புள்ள' என்று எழுத இன்று கை வரவில்லை. கோபம் ஆறினால் சேர்த்துக்கொள்கிறேன்.

கத்தியைக் காட்டினால் கத்திக்குப் பயப்படுவார்கள், அதோடு சரி. ஒரு கை சத்தமில்லாமல் விளக்கை அணைக்கட்டும், பாப்கார்ன் வாய்க்குப் போகாமல் பாதியில் நிற்கும். உன் கதையில் துப்பறிகிறவன் ஊரெல்லாம் தேடுகிறான். கொலைகாரி அவன் மனைவி. தன் வீட்டில் நடப்பது அவனுக்குத் தெரியவில்லை. அதை முதலிலேயே காட்டிவிடுகிறேன். அப்போது யாருக்கும் புரியாது. படம் முடிந்ததும், 'அட, கண்ணெதிரேயே இருந்ததே' என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். திகில் படத்தில் டைட்டிலுக்கு வேறென்ன வேலை? உனக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது!

லொரெய்ன் சொல்ல வேண்டியதை நான் சொல்வதாக இல்லை.

வின்னி

ஈலி
13 செப்டம்பர்

வின்னி,

இன்னொரு தடவை பார்த்தேன், என் பெயருக்காக. இயக்குநர் பெயர் கடைசியில் வருவது வழக்கம், சரி. ஆனால் அதற்குக் கீழே அந்தக் கை வந்து மேசைமேல் ஒரு சாவியை வைக்கிறது. எவன் என் பெயரைப் படிப்பான்? எல்லோரும் சாவியைத்தான் பார்ப்பார்கள். என் படத்தில் சாவியே கிடையாது! யாருடைய சாவி அது? அதைத் தூக்கு. இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்.

மனைவியைப் பற்றிக் கேட்டால் மர்மமாகப் பதில் எழுதுகிறாய். மர்மப் படம் எடுப்பவன் நான்.

கிளேட்டன்

ஹாலிவுட்
17 செப்டம்பர்

கிளேட்டன்,

சாவியை எடுக்க மாட்டேன். வேறு ஆள் பார்ப்பதானால் தாராளமாகப் பார். உன்னோடு மல்லுக்கட்டி எனக்கு அலுத்துவிட்டது.

அதற்கு முன் இன்னும் ஒரே ஒரு தடவை போய்ப் பார். கடிகாரத்தை ஹோட்டலிலேயே வைத்துவிட்டுப் போ. எழுத்துகளைப் படிக்காதே. கையைப் பார்.

வின்னி

ஈலி
21 செப்டம்பர்

வின்னி,

பார்த்தேன். அந்தச் சுண்டுவிரல். எங்களுக்குக் கல்யாணமான வாரத்தில் கார்க் கதவில் நசுங்கி, வளைந்தபடியே நின்றுவிட்ட விரல். என் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிவிட்டது நான்தான். தியேட்டர்காரர் "என்ன சார், இன்னொரு வாட்டி போடவா?" என்று கேட்டார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

உன் வீட்டில்தான் இருக்கிறாளா? உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. அழுகையும் வருகிறது. ஒரு ஃப்ரேம்கூட வெட்டாதே. படப்பிடிப்பை நிறுத்திவிட்டு 30ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவளிடம் சொல்.

கிளேட்டன்

ஹாலிவுட்
25 செப்டம்பர்

அன்புள்ள கிளேட்டன்,

ஆமாம், ஏப்ரலிலிருந்து என் மாடியறையில்தான் இருக்கிறாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். கைக்காக ஏற்பாடு செய்த பெண் டைட்டில் எடுத்த அன்று வரவில்லை. "நான் பண்றேன் வின்னி, ஏற்கெனவே பண்ணினதுதானே" என்றாள். நான் ஒன்றுமே சொல்லித்தரவில்லை. இழுப்பறை, பெட்டி, விளக்கு எல்லாம் அவளாகவே செய்தாள். வீட்டை விட்டு வந்த அன்று நீ மேசையில் கதை எழுதிக்கொண்டிருந்தாயாம். பெட்டியோடு உன்னைத் தாண்டித்தான் வந்தாளாம். நீ நிமிரவே இல்லையாம். வீட்டுச் சாவியை மட்டும் அன்று வைத்துவிட்டு வர மனம் வரவில்லையாம்; அதைத்தான் டைட்டிலில் வைத்தாள்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அதை வாங்கித் தானே ஒரு தடவை படித்தாள். பிறகு, "மொதல்ல மணியப் பார்த்தாரு. அப்புறம் தன் பேரப் பார்த்தாரு. நீ கையப் பாருன்னு எழுதினப்புறம்தானே என் கை தெரிஞ்சுது?" என்றாள். உனக்காக ஒரு பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்கிறாள். டைட்டிலில் ஒரு ஃப்ரேம்கூட வெட்டவில்லை. யாருடைய சாவி என்று கேட்டிருந்தாய். இந்த உறைக்குள் இருக்கிறது.

வின்னி